சருவச்சட்டித் தண்ணீர்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவ வாசலுக்கு வந்தார். என் அண்ணன் சங்கரன் செம்போடு நின்றான். அவர் குனிந்து கையை நீட்ட, இவன் செம்பைச் சரிக்க, அடுப்படியிலிருந்து என் அம்மா ஓடிவந்து அவர் கைக்கு நேர் கீழே ஒரு சருவச்சட்டியைத் தள்ளி வைத்தாள்.

சருவச்சட்டி என்றால் வாய் அகன்ற அலுமினியச் சட்டி. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே வேலைதான். யார் கை கழுவினாலும், யார் வாய் கொப்பளித்தாலும் அது கீழே இருக்க வேண்டும். விழுகிற தண்ணீரில் தவிட்டைக் கலந்து காளைகளுக்கு வைப்போம்.

அம்மா தாலியறுத்தவள். நல்ல காரியத்தில் முன்னால் வரக் கூடாதென்று விடிந்ததிலிருந்து அடுப்படியை விட்டு நகராமல் இருந்தவள். ஒரு செம்புத் தண்ணீர் சும்மா தரையில் விழப் போகிறது என்றதும் அவளுக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

வந்தவர் நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார். விரலில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது கதவிடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது.

"இது என்னத்துக்கு?"

"மாட்டுக்கு அண்ணாச்சி."

"எச்சித் தண்ணியவா பிடிச்சு வைக்கிய?"

அண்ணன் பாதி சரித்த செம்போடு நின்றான். அவர் கையை இழுத்துத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டு, கழுவாத கையோடு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

போன வாரம் எங்கள் ஊர்க் கிணற்றைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஓர் அம்மையார், "தண்ணிக் கஷ்டம் எல்லா ஊர்லயும்தானே இருந்துச்சு, நீங்க என்ன பெரிசா எழுதுறீங்க" என்று கேட்டார். இல்லை தாயே, எல்லா ஊரிலும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் சட்டியை வெளியே எடுத்திருக்கிறேன்.

என்ன தப்புப் பண்ணி வந்திய?

எங்கள் ஊர் இளையரசனேந்தல் பக்கம். வானம் பார்த்த கரிசல். பருத்தி, மிளகாய், கம்பு, சோளம். மழை பெய்தால் நாங்கள் சம்சாரிகள், அதாவது விவசாயிகள். பெய்யாவிட்டால் என்ன என்று எங்களுக்கே தெரியாது.

நான் சொல்வது எழுபதுகளில். அப்போது சர்க்கார் உத்தியோகத்தில் ஒரு மிரட்டல் உண்டு. இப்போதும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். "உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்பார்கள். அந்தக் காடு எங்கே இருக்கிறதென்று மிரட்டியவருக்குத் தெரியாது, மிரண்டவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பிறந்ததே அங்கேதான்.

வேலை பார்க்காதவர், வாய்ச்சண்டை போட்டவர், குடித்துவிட்டு ஆபீஸுக்கு வந்தவர், அப்புறம் கூடுதலாக நேர்மையாக இருந்துவிட்டவர், எல்லோரும் எங்கள் பக்கம்தான் வந்து இறங்குவார்கள். வாத்தியார், கம்பவுண்டர், கிராம சேவக் யாராக இருந்தாலும் டிரங்குப் பெட்டியை முழுதாகப் பிரிக்க மாட்டார்கள். வந்த அன்றே திரும்பிப் போக மனுப் போட்டுவிடுவார்கள். பாதிப் பாடம் நடக்கும்போது வாத்தியாருக்கு மாற்றல் வந்துவிடும். மீதிப் பாடம் அடுத்த தண்டனைக்காரர் வரும்வரை காத்திருக்கும்.

அதனால் புதிதாக யார் வந்தாலும் எங்கள் ஊரார், "சாப்பிட்டியளா" என்று கேட்பதுபோல வெகு சாதாரணமாக, "என்ன தப்புப் பண்ணி வந்திய?" என்று கேட்பார்கள்.

தப்புப் பண்ணினவரைத் தண்டியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எங்கள் ஊர் என்ன தப்புப் பண்ணியது? இதை நான் பல பெரிய மனிதர்களிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் சிரித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள்.

என் வீட்டுக்காரரும் அப்படி வந்தவர்தான். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, இந்த வயதில் பழகிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். மேலதிகாரியை எதிர்த்து ஏதோ பேசிவிட்டுச் சங்கரன்கோவிலில் ஓர் அலுவலகத்துக்கு எழுத்தராக வந்து விழுந்தார். அண்ணன் ஒரு காரியமாக அங்கே போனவன், வழக்கப்படி கேட்டிருக்கிறான்.

"என்ன தப்புப் பண்ணி வந்திய, சார்?"

"உண்மையச் சொல்லிட்டேன் வே."

"அடடா! அப்ப ரொம்ப நாளைக்கு இங்கனதான் இருப்பிய."

இப்படித்தான் இரண்டு பேருக்கும் சிநேகம் பிடித்தது. ஒருநாள் அண்ணனோடு எங்கள் ஊருக்கு வந்து கம்பஞ்சோறு சாப்பிட்டார். என்னைப் பார்த்தார். ஊருக்குப் போய், கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டார்.

அகல நிலமும் ஈர நிலமும்

சங்கரன்கோவிலில் பஸ் ஏறினால் அரை நாளில் அவர் ஊர். அப்போது இரண்டும் ஒரே ஜில்லா. ஒரே கலெக்டர், ஓட்டுப் போடுகிற நாளும் ஒன்றே. ஆனால் பஸ் போகப் போக ஜன்னலில் வருகிற காற்று மாறும். முதலில் புழுதி, அப்புறம் ஈர மண், அப்புறம் ஊறிய வைக்கோலும் வாழைச் சாறும் கலந்த ஒரு வாசனை. கண்ணை மூடிக்கொண்டு போனாலும் எங்கே வந்திருக்கிறோமென்று என் மூக்குச் சொல்லிவிடும்.

எங்களுக்கு நிலம் அகலம். ஓடை முதல் பனைக்கூட்டம் வரை அண்ணனுடையதுதான். அவர்களுக்கு நிலம் கொஞ்சம், ஆனால் ஈரம். அங்கே ஒரு துண்டு வயல் வைத்திருப்பவருக்கு முன்னால், எங்கள் பக்கத்துப் பெரிய சம்சாரி கைகட்டித்தான் நிற்பார். மழை பொய்த்த வருஷம் அறுப்புக் கூலிக்கு அவர் வயலில்தானே போய் இறங்க வேண்டும்? எங்கள் ஊரில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்கள் அங்கே களத்து மேட்டில் துண்டை விரித்துப் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வறட்சியிலும் மேலே கீழே உண்டு. சிவகிரிக்காரர்கள் மலையடிவாரத்தில் இருப்பதால் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களைப் பார்த்து ஆற்றுக்காரர்கள் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பதற்கு ஆளே கிடையாது.

பெண் கொடுப்பதும் அந்த வரிசைப்படிதான். ஆற்றுப்பக்கத்தார் எங்கள் பக்கம் பெண் எடுப்பார்கள். வேலைக்கு அஞ்சாது, போட்டதைத் தின்னும், எதிர்த்துப் பேசாது என்று கணக்கு. (என் விஷயத்தில் கடைசிக் கணக்குத் தப்பிவிட்டது.) எங்களுக்குப் பெண் கொடுக்க மட்டும் மாட்டார்கள். போன பெண்கள் போனவர்கள்தான், வருகிறவர்கள் யாருமில்லை. எங்கள் தெருவில் தலை நரைத்தும் தாய் கையால் சோறு வாங்கித் தின்கிற ஆண்கள் இருந்தார்கள். நல்லவர்கள், உழைப்பாளிகள். பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் அவர்களிடம் கேட்கப்பட்டது ஒன்றுதான். "ஒங்க ஊர்ல தண்ணி எப்படி?"

அண்ணனுக்கும் முப்பது தாண்டிவிட்டது. அவன் போகாத ஊரில்லை, கேட்காத வீடில்லை.

அதனால்தான் இந்தச் சம்பந்தம் வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு பெரிய ஆசை முளைத்தது. மாப்பிள்ளைக்கு வள்ளி என்று ஒரு தங்கை இருந்தாள். என்னை அங்கே கொடுத்து, வள்ளியை அண்ணனுக்கு எடுப்பது. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எங்கள் ஆட்களில் உள்ள வழக்கம்தான். கேட்டால் தப்பில்லை. நான் ஆற்றுக்குப் போவேன், என் இடத்தில் அம்மாவுக்கு ஒரு மருமகள் வருவாள். அன்று அந்தச் சட்டியால் ஆட்டம் கண்டது என் ஒருத்தியின் கல்யாணம் மட்டுமல்ல.

வாசலில் வைத்த குடங்கள்

பெண் பார்க்க ஆள் வருகிறார்களென்றால் எங்கள் தெருவில் ஒரு பழக்கம். வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் நன்றி சொல்லவும் மாட்டார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டுக்கு ஆள் வந்தால் நம் குடம் அங்கே போகும். சண்டை போட்டுப் பேசாமலிருந்த எதிர்வீட்டுக்காரிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்து ஒரு குடத்தை இறக்கிவிட்டுப் போனாள்.

ஊருக்கெல்லாம் ஒரே கிணறு. இருட்டோடு போய் வரிசையில் நின்றால்தான் உண்டு. அப்படிச் சேர்ந்த குடங்கள் எங்கள் வாசலில் வரிசையாக நின்றதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, அவர். மூன்றே பேர். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு முதல் குடத்தை அப்படியே தூக்கிக் காலில் கவிழ்த்தார். புழுதி போகவில்லையென்று இரண்டாவதையும் கவிழ்த்தார். அம்மாக்காரி முகம், கை, கழுத்து, பிடரியெல்லாம் கழுவினாள். வேண்டுமென்று செய்யவில்லை, ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரை அளந்து ஊற்றத் தெரியாது, அவ்வளவுதான். கரிசல் மண் அத்தனையையும் சத்தமில்லாமல் உறிஞ்சியது. அடுப்படியில் என் அம்மா தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். சங்கரன்கோவில் பூக்கடையிலிருந்து அண்ணன் வாங்கி வந்த பிச்சிப்பூவை அம்மா என் தலை கொள்ளாமல் வைத்திருந்தாள். அழகுக்கென்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு உச்சந்தலையில் முடி தேய்ந்திருக்கும், சும்மாடும் குடமும் உட்கார்கிற இடம் அது. அதை மறைக்கத்தான் பூ.

அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, தலையைத் தடவிக் கொடுப்பதுபோலப் பூவை விலக்கி, விரலால் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரொம்பச் சொமந்திருக்கியேடி" என்றாள்.

இரக்கமாகத்தான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற தரகனிடம்கூட மாடு இவ்வளவு கூசாது.

அதற்குப் பிறகுதான் சாப்பாடும், கை கழுவலும், சட்டியும்.

கழுவாத கையோடு மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருந்தார். வெற்றிலைத் தட்டை நீட்டினார்கள். அவர் எடுக்கவில்லை. எடுக்காமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாமென்று அர்த்தம். அப்போது அவர் மகன் இலையை விட்டு எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே கிடந்த சட்டிக்கு நேரே குனிந்து கையை நீட்டினார்.

"ஊத்தும் வே சங்கரன். எனக்கும் கை கழுவணும்லா?"

அண்ணன் ஊற்றினான். அவர் நிதானமாக, ஒரு சொட்டு வெளியே தெறிக்காமல் கழுவினார். எத்தனையோ வருஷம் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு சண்டையிலும் கடைசியில் அந்தக் குனிந்த முதுகு ஞாபகம் வந்து நான்தான் தோற்றுப்போவேன்.

அப்பா மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு வெற்றிலையை எடுத்தார்.

மருமகனே

"அடுத்ததையும் இப்பவே பேசிரலாமா மாமா?" என்று அண்ணன் கேட்டான். வள்ளியின் பெயரைச் சொல்லக் கூச்சம்.

"மொதல்ல இது முடியட்டும் மருமகனே. அத அப்புறம் பாப்போம்."

மருமகனே என்று வாயாரக் கூப்பிட்டார். கூப்பிட என்ன தடை?

அவர்கள் பஸ் ஏறிய பிறகு அண்ணனிடம் சொன்னேன். "வள்ளியக் குடுத்தாத்தான் நான் போவேன். இல்லன்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

"கிறுக்கு மாதிரிப் பேசாத ஏட்டி. நம்ம வீட்டுல ஒருத்தியாவது தலையில இருந்து கொடத்த எறக்கட்டும்."

"அப்ப நீ?"

"நான் என்ன, கொடமா தூக்குதேன்?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொழுவில் போய்க் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

கோமதி அம்மன் சந்நிதியில் கல்யாணம் நடந்தது. எனக்குக் கோமதி என்று பெயர் வைத்ததே அவள் நினைப்பில்தான். ஆற்றுக்குப் போவேன் என்று பார்த்தால், அவருக்கு மாற்றல் வரவே இல்லை. சங்கரன்கோவிலிலேயே வாடகை வீடு. தெருக்குழாயில் நினைத்தபோது தண்ணீர் வரும், நினைத்தபோது நிற்கும். எனக்கு அதுவே சொர்க்கம். அவருக்கு அது ஜெயில்.

அம்மா அந்தச் சருவச்சட்டியைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள். சம்பந்தகாரர் வருகிற வீட்டில் அது கண்ணில் படக் கூடாதாம். அவர்கள் வருஷத்துக்கு ஒரு தரம்கூட வந்ததில்லை. ஆனாலும் சட்டி இறங்கவில்லை. அவள் ஒரு மண்சட்டியை வைத்துக்கொண்டு, வெளியாள் தலை தெரிந்தால் அதையும் ஒளித்து வைப்பாள்.

ஒவ்வோர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கும் மாமனார் வீட்டார் எங்களிடம் வந்து தங்குவார்கள். வள்ளியும் வருவாள், கோயிலில் ஆடிச்சுற்றுச் சுற்றுவாள். அண்ணன் காட்டில் விளைந்த பருத்தியும் வற்றலும் கொண்டுவருவான். தபசுக் காட்சியின்போது சம்சாரிகள் விளைச்சலை வாரி இறைப்பது வழக்கம். விளையாத வருஷமும் எங்கேயோ கடன் கேட்டாவது ஒரு கை பஞ்சு கொண்டுவந்து வீசுவான். வரும்போது பூக்கடையில் இரண்டு பந்து பிச்சிப்பூ வாங்கி வருவான்.

"எனக்கு எதுக்குண்ணே ரெண்டு?" என்பேன், வேண்டுமென்றே.

"சும்மா கெட ஏட்டி" என்பான். காது சிவந்துவிடும்.

ஒரு வருஷம் வள்ளி அந்தப் பூவை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"மதினி, ஒங்க ஊர்க் கெணத்துல படியில எறங்கி மோக்கணுமா, கயித்துல எறைக்கணுமா?"

"கயிறுதான்."

"நீளமா?"

"நீளந்தான் வள்ளி."

அவள் தன் உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். மனசில்லாத பெண் கயிற்றின் நீளத்தைக் கேட்பாளா? நான் அன்றைக்கே அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன்.

அண்ணன் ஒவ்வொரு தபசுக்கும் பதமாக ஒரு வார்த்தை போட்டுப் பார்ப்பான். மாமனார், "பாப்போம் மருமகனே" என்பார். என் வீட்டுக்காரர் அப்பாவோடு மல்லுக்கட்டினார். ஒருமுறை வாக்குவாதம் முற்றி மாமனார் சொன்னார். "அவன ஊர விட்டு எங்க பக்கம் வந்து இருக்கச் சொல்லு. நாளைக்கே தாலியக் கட்டச் சொல்லுதேன்."

அண்ணனிடம் சொன்னோம். அவன் முடியாதென்று தலையாட்டினான். அம்மா அந்த மண்ணை விட்டு வர மாட்டாள். காளைகளை விற்கலாம், நிலத்தை யார் வாங்குவார்? வாங்க ஆள் இருந்தாலும் அவன் விற்றிருக்க மாட்டான் என்பது வேறு விஷயம்.

பத்திரிகை

எண்பதுகளின் தொடக்கம். நல்ல கோடை. மாமனார் மஞ்சள் பை ஒன்றோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பைக்குள் வள்ளியின் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை பக்கத்து ஊர், ஆற்றுப்பாசனம்.

என் வீட்டுக்காரர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். வள்ளி ஒன்றும் சொல்லவில்லையா என்று நான் கேட்டதற்கு மாமனார், "அவ என்ன சொல்லுவா, பொம்பளப் பிள்ள" என்றார்.

சம்பந்தகாரருக்கு நேரில் போய்த்தான் பத்திரிகை வைக்க வேண்டும். எங்களையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். அம்மா விழுந்து விழுந்து சமைத்தாள். அண்ணன் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து, தட்டை இரண்டு கையாலும் வாங்கினான்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதயும் மருமகனே."

"என்னத்த மாமா வைக்கப் போறேன்? மொதல்ல சாப்பிடுங்க."

சாப்பிட்டார். கை கழுவ வாசலுக்கு வந்தார். அண்ணன் செம்போடு நின்றான். எல்லாம் அன்று போலவேதான். அம்மா மட்டும் அடுப்படியை விட்டு அசையவில்லை.

அண்ணன் செம்பைச் சரிக்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"ஏட்டி கோமு, பரணுல இருந்து அந்தச் சட்டிய எடு."

அம்மா தலையை ஆட்டினாள், வேண்டாம், வேண்டாமென்று. நான் அம்மியின் மேல் ஏறிப் பரணிலிருந்து சட்டியை எடுத்தேன். தூசியைச் சேலையால் துடைத்தேன். அவருடைய மருமகளாகிய நானே கொண்டுபோய் அவர் கைக்குக் கீழே வைத்தேன்.

"இது எங்க ஊருப் பழக்கம் மாமா. கழுவுங்க" என்றான் அண்ணன்.

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போயிருப்பார். அவர் கொஞ்ச நேரம் சட்டியைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். அண்ணன் மெதுவாக ஊற்றினான். தண்ணீர் சட்டியில் விழுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

ஈரக்கையோடு நிமிர்ந்தவர், "ஒம்மள நான் வேண்டாம்னு சொல்லல வே" என்றார். "எங்க அக்காள இந்தப் பக்கந்தான் குடுத்தோம். கெணத்து மேட்டுல கொடத்தோட விழுந்து இடுப்பு ஒடிஞ்சு வந்தா. கடைசிவரைக்கும் எங்க வீட்டு மூலையிலதான் கெடந்தா. அவ கெடந்த கெடைய நான் கண்ணால பாத்தவன். ஊரத்தான் வேண்டாம்னேன். ஒம்மள இல்ல."

"ஊரு வேற, நான் வேறயா மாமா?"

அந்த நிமிஷத்தில் மாமனார் மேல் எனக்கிருந்த ஆத்திரம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அதை அவர் தலையில் மட்டும் கொட்டுவது நியாயமில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆற்றையும் கரிசலையும் அவரா வகுத்தார்? ஆற்றுக்கு அணை கட்டினவர்கள், எங்கள் ஊருக்கு ஒரு ஆழ்குழாய்க்கிணறு போட வருஷக்கணக்கில் மனு வாங்கிக்கொண்டே இருந்தார்களே, அவர்களை யார் வாசலில் உட்கார வைத்து நான் கேட்பது?

அண்ணன் சட்டியைத் தூக்கிக்கொண்டு தொழுவுக்குப் போனான். வெள்ளைக்காளை மூக்கை விட்டு உறிஞ்சியது. மாமனார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்புறம் அண்ணனுக்கு நாங்கள் எங்கும் பெண் கேட்கவில்லை. அவனே வேண்டாமென்று சொல்லிவிட்டான். கடைசிவரை தனியாகவே இருந்தான்.

ஆற்றங்கரையில்

வள்ளி கல்யாணத்துக்கு அண்ணன் வந்தான். வராமல் இருந்தால் தேவலை என்று நான் நினைத்தேன். வந்து, பந்தியில் சோற்றுவாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகப் பரிமாறினான். மணமேடையில் வள்ளி தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் தலையில் மல்லிகை இருந்தது, பிச்சிப்பூ இல்லை.

அம்மாவும் வந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. சாப்பாடு முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்னால், "ஏட்டி, அந்த ஆத்த ஒரு தடவ காட்டு" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன்.

படித்துறையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டும் மஞ்சள் தேய்த்துக்கொண்டும் இருந்தார்கள். மலையில் மழை தொடங்கியிருந்ததால் ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் அளவுக்கு இறங்கினாள். குளிக்கவில்லை, முகம்கூடக் கழுவவில்லை. சும்மா நின்றாள். முந்தானை நழுவித் தண்ணீரில் மிதந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"இது எங்க போகுது?"

"கடலுக்கும்மா."

"எல்லாமா?"

"வயக்காட்டுக்குப் போனது போக மிச்சமெல்லாம் கடலுக்குத்தான்."

அவள் கொஞ்ச நேரம் தண்ணீர் போகிற திசையைப் பார்த்தாள். அப்புறம் பேசினாள். என் அம்மா வாழ்நாளில் சத்தமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"கடலுக்கு இம்புட்டையும் குடுக்காக. எம் பிள்ளைக்கு ஒரு பிள்ளையக் குடுக்க மனசு வரல."

துவைத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊர் மருமகள் நான். நான் அவள் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். பொத்தவில்லை. சொல்லட்டும் என்று நின்றேன்.

மேலே படியிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். "எம்மா, வா. பஸ் போயிரும்."

அம்மா கரையேறினாள். நனைந்த முந்தானையைப் பிழியப் போனவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். படிக்கல் இடுக்கில் ஒரு எருக்கஞ்செடி முளைத்திருந்தது. ஆறு அதன் காலடியில்தான் போய்க்கொண்டிருந்தது. அம்மா அந்தச் செடிக்கு நேரே குனிந்து, ஒரு சொட்டும் கல்லில் விழாமல், முந்தானையைப் பிழிந்துவிட்டு வந்தாள்.